குற்றப்பத்திரிகையில் நான்காவது வரி

உட்காருங்கள் தம்பி. அந்த வெள்ளைக்கார அம்மாவை இந்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், ஸ்டூல் ஆடும். பிளேன்டீ வருகிறது. சீனி போடலாமா என்று கேட்டுவிடுங்கள். இந்தத் தோட்டத்துத் தூள்தான். ஆனால் அவர்கள் ஊருக்குக் கப்பலில் போகிற தூள் இல்லை. சலித்த பிறகு கீழே கிடப்பது எங்களுக்கு. இதை மொழிபெயர்க்க வேண்டாம். வந்தவுடன் சண்டை எதற்கு.

நீங்கள் ஹட்டனில் இங்கிலீஷ் படிப்பிக்கிற மாஸ்டர் என்றார்கள். எனக்கு எழுபத்து மூன்று. தம்பி என்றே கூப்பிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

ஆபீசில் என்ன சொல்லி உங்களை இங்கே அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும். "பழைய பொஸ்தகத்தப் பத்தின்னா சங்கிலித் தலைவரத்தான் கேக்கணும். அவருதான் கடைசியாப் பார்த்த ஆளு." சொல்லிவிட்டு அந்தக் கிளாக்கர் பொடியன் சிரித்திருப்பான். சிரித்தானா இல்லையா? சிரிக்கட்டும். அவன் பிறப்பதற்கு முன்னால் அந்த ஆபீஸ் வாசலில் நான் செய்ததைச் செய்ய அவனுக்கு ஏழு பிறப்பு வேண்டும்.

ஒரு விஷயம். நான் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்கள் வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்ல வேண்டாம். மேடையில் எனக்கு ஒரு சிங்களத் தோழர் அப்படித்தான் மொழிபெயர்ப்பார். நான் ஏகாதிபத்தியம் என்று சொல்லிக் கையைத் தூக்குவேன், அவர் சொல்லி முடிக்கும்வரை கை அப்படியே நிற்கும். பேச்சு செத்துப்போகும். முதலில் கேளுங்கள். கடைசியில் எதைச் சொல்லலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை கொடுங்கள்.

குதிரை. நாய். தொப்பி. இடது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, பாருங்கள். படம் எடுக்கிறவன் மறைக்கச் சொல்லியிருக்கிறான், மறையவில்லை. ஹியூ மெல்ட்ரம். இந்தப் பெயரை நான் இன்றுதான் முதல்முறை கேட்கிறேன். ஆனால் ஆளைத் தெரியும். பார்த்ததில்லை, தெரியும். இவர் கோணக்கைத் துரை.

நாங்கள் எந்தத் துரையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை தம்பி. பெயர் என்னவென்றே தெரியாது. இருக்கும்போது பெரியதுரை, சின்னத்துரை. போன பிறகு எந்தப் பெரியதுரை என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஓர் அடையாளம். சுருட்டுத் துரை. நாய்த் துரை. வெற்றிலைத் துரை என்றுகூட ஒருவன் இருந்தான், வாயெல்லாம் சிவப்பாக. அவர்களும் எங்களைப் பெயர் சொன்னதில்லை, நம்பர்தான். தோட்டத்துக்கே அப்படி. அவர்கள் காகிதத்தில் கிளென்டார்வி. எங்கள் வாயில் ஊசிமலை. ஒரே மலையில் நூறு வருஷம் இருந்தோம், அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது, எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் இருந்தது ஒரு புத்தகத்தில் மட்டும்தான்.

அந்த அம்மாவின் பாட்டனாருக்கு இவர் அண்ணன், சரியா? ஸ்கொட்லாந்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் கப்பல் ஏறினார். பன்னிரண்டு வரைக்கும் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. திரும்பிய கப்பல் பட்டியலில் இல்லை. யுத்தத்தில் செத்தவர் பட்டியலில் இல்லை. ஸ்கொட்ச் கோயில் கல்லறையில் ஒவ்வொரு கல்லாகப் பாசியைத் தேய்த்துப் பார்த்திருக்கிறார், இல்லை. கொழும்பிலும் இல்லை. அவர்கள் வீட்டுக் காகிதம் முடிந்துபோன இடம் எங்கள் தோட்டம். எத்தனை வருஷமாகத் தேடுகிறாராம்? பதினாறு. நான் இருபத்தெட்டு வருஷம். அதை அப்புறம் சொல்கிறேன்.

கோணக்கைத் துரையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்றால், பாலத்தடியில் குதிரை தள்ளிவிட்டது, மருந்துக்காரர் கையைத் தப்பாக வைத்துக் கட்டிவிட்டார். தமிழில் ஏசுவார், அதுவும் சுத்தமாக ஏசுவார். நல்லவர் என்று சில கிழடுகள் சொன்னதுண்டு. நல்ல துரை, கெட்ட துரை என்று வர்க்கம் கிடையாது, துரை என்று ஒரே வர்க்கம்தான். எப்படிப் போனார் என்று கேட்டால், காய்ச்சல் கண்டு நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள் என்றார் ஒருவர். குதிரையில் தானே போனார் என்றார் இன்னொருவர். எங்கும் போகவில்லை, ஃபெக்டரிக்கு மேலே புதைத்தார்கள், கல் வைப்பதற்குள் புதுத் துரை வந்து அந்த இடத்தில் கன்று நட்டுவிட்டார் என்றார் மூன்றாவது ஆள். மூன்று பேரும் செத்துவிட்டார்கள்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன்.

நாற்பத்தேழு. எனக்கு இருபத்தொரு வயது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். மிச்சப் படிப்பு முழுவதும் துண்டுப்பிரசுரம். சிரிக்காதீர்கள், நான் உலகத்தை நாலு பக்கத் தாளில்தான் படித்தேன். பின்பு நானே எழுதினேன். இருநூற்றுக்கு மேல் இருக்கும். சங்கம் வைத்ததற்காக எட்டுக் குடும்பத்துக்குப் பெரியதுரை பேர் வெட்டினான். பேர் வெட்டுவது என்றால் உங்களுக்குத் தெரியும்தானே? வேலையாட்கள் பேர் எழுதுகிற செக்ரோலில் சிவப்பு மையால் ஒரு கோடு. கோடு விழுந்தால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் குடியிருக்கிற லயத்துக் காம்பிரா இல்லை. சட்டி பானையை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

நான் யோசித்தேன். கோடு போடுவது எங்கே? புத்தகத்தில். புத்தகமே இல்லை என்றால் எங்கே போடுவான்? பேர் இருந்தால்தானே வெட்டுவாய், வா, எதை வெட்டுவாய் பார்ப்போம். இதை இரண்டு பக்கப் பிரசுரமாக எழுதினேன். இன்றைக்குப் படித்தாலும் அதில் ஒரு சொல் மாற்ற முடியாது. சீமையில் படித்த தலைவர்கள் கொழும்பிலிருந்து வந்து, இது யார் எழுதியது என்று கேட்டார்கள்.

பட்டப்பகல். ஆள் எண்ணி வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு முடிந்து பத்து மணி. முன்னூறு பேர் போனோம். துரை பங்களாவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆபீசில் இருந்தவர் தம்பையா கிளாக்கர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்து ஆள், கண்ணாடி, வெள்ளைச் சட்டை. அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை, அதை வழக்கிலும் அவரே சொன்னார். செக்ரோல் எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டோம். அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு பெரிய புத்தகம், சிவப்பு மட்டை. அதை எடுத்தபோதுதான் அவர் எழுந்து வந்தார்.

"சங்கிலி, உந்தச் சிவப்பு மட்டையை மட்டும் விடடா. அது செக்ரோல் இல்லை. பிறந்தது செத்தது எழுதின புத்தகம்."

"எல்லாம் ஒரே பொஸ்தகம்தான் ஐயா."

"உன்ர கொம்மா பிறந்தது அதிலதான் கிடக்கு. தேப்பன்ர பேரோட. அந்தத் துரை தன்ர கையாலை எழுதினவர்."

இதை முன்னூறு பேருக்கு முன்னால் சொன்னார் தம்பி.

இனி நீங்கள் நினைப்பதை நான் சொல்கிறேன், நீங்கள் சிரமப்பட வேண்டாம். என் தாய் சிட்டம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் பிறந்தது. வெளுத்த தோல், சாம்பல் நிறக் கண். தண்ணீர் பிடிக்கிற பீலியில் சண்டை வந்தால் முதல் சொல் பூனைக்கண்ணி, இரண்டாவது சொல் கோணக்கையன் மவ. சின்ன வயதில் அதற்காக நான் அடித்த பல் ஒன்றிரண்டு இந்தத் தோட்டத்தில் இன்னும் இல்லாமல் இருக்கிறது. அந்தத் துரைக்குச் சமைத்தவள் அவளைப் பெற்றவள். பெற்ற ஐந்தாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். வேறு ஒன்றும் தெரியாது. ஆளாளுக்கு வாயில் இருந்தது, எழுத்தில் இருந்தது அந்த ஒரு வரி.

நான் என்ன நினைத்தேன் என்றால், இது லஞ்சம். என் தாயின் மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியின் கணக்கன் என்னிடம் பேரம் பேசுகிறான். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைவனுக்குத் துரை வம்சம், அதனால்தான் அந்தப் புத்தகத்தை மட்டும் விட்டான் என்று மறுநாள் பீலியில் பேச மாட்டார்களா?

"எங்கம்மா பேர ஒங்க வாயால சொல்லாதீங்க" என்றேன். முதலில் நெருப்பில் போட்டது அதைத்தான்.

ஈரம் பிடித்த புத்தகம். லேசில் எரியவில்லை. மண்ணெண்ணெயை இரண்டாம் தடவை ஊற்றினோம். மட்டையின் சிவப்புச் சாயம் என் கையில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் போகவில்லை. அரசியல் ரீதியாக அது சரியான நடவடிக்கை. இன்றைக்கும் சொல்கிறேன். எட்டுக் குடும்பத்தையும் திரும்ப எடுத்தார்கள். நான் கண்டிச் சிறையில் பதினெட்டு மாதம் இருந்தேன். தம்பையா கிளாக்கர் அடிவருடி. அவ்வளவுதான்.

போலீஸ் வருவதற்கு முன்னால் லயத்துக்குப் போனேன். அம்மா என் கையைப் பார்த்தாள்.

"அதுல என் பேரும் இருந்துச்சாமே."

"ஒன் பேர நான் எழுதுறேன் ஆத்தா. அவன் எழுதுனது எதுக்கு நமக்கு?"

"எழுது" என்றாள். அதிகம் பேசுகிறவள் இல்லை.

எழுதவில்லை. பிரசுரத்தில் தனி மனிதர் பெயர் போடுவது எங்கள் வழக்கம் இல்லை.

டீ குடியுங்கள், ஆறுகிறது. அந்த அம்மா என்ன கேட்கிறார்? இவ்வளவு நேரம் என்ன சொல்கிறேன் என்றா? துரையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.

சிறையிலிருந்து வந்தால் நாடு நாடாக இல்லை. பிரஜாவுரிமைச் சட்டம். இந்த மண்ணில் இத்தனை வருஷம் இருந்தாய் என்று காட்டு, காட்டினால் நீ இந்த நாட்டு ஆள், காட்டாவிட்டால் நீ கள்ளத்தோணி. தோட்டப் பள்ளியில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி. எழுத்து இருக்கா?

எங்கே இருக்கும். செக்ரோல் இல்லை. பிறந்த புத்தகம் இல்லை. காளிமுத்துக் கிழவன் ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, "அந்த ஏழாம் நம்பர் மலையில கன்னு நட்டது நானுங்க" என்றான். தேயிலைச் செடி சாட்சி சொல்லுமா? அறுபத்து மூன்று குடும்பம். பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்காவது ஏதோ ஒரு காகிதம் இருந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாரியாயி என்று ஒருத்தி, பேர் வெட்டின எட்டுக் குடும்பத்தில் ஒரு குடும்பம், நான் காப்பாற்றிய குடும்பம், அவள் வரிசையில் நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள். "தலைவரே, நீங்க எரிச்ச அன்னைக்கு நல்லாக் குளிர் காஞ்சோம். இப்ப அந்தச் சாம்பல அள்ளிக்கிட்டு வந்து ஐயாகிட்டக் காட்டவா?"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வது.

ஆனால் சட்டம்தானே குற்றவாளி? புத்தகம் இருந்தாலும் வேறு ஏதாவது கேட்டிருப்பான். கேட்டிருக்க மாட்டானா? சொல்லுங்கள். நீங்கள் படித்தவர்.

எழுபதில், இத்தனை பேர் இங்கே இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி மறுபடியும் மனு. அப்போது எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எதைக் காட்டினேன் தெரியுமா? என் குற்றப்பத்திரிகை. நாற்பத்தேழில் போலீஸ்காரன் டைப் அடித்தான், பிறந்த இடம் கிளென்டார்வி தோட்டம் என்று. இந்தத் தோட்டத்தில் யார் பிறந்தார்கள் என்பதற்கு மிஞ்சிய ஒரே காகிதம். எரித்தவனுக்கு மட்டும் சீட்டு. அம்மாவுக்கு இல்லை. அவளை இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஹட்டனுக்கு அப்பால் பார்த்ததில்லை. அறுபத்து மூன்று வயது.

கோச்சி ஏறுகிற அன்று நான் இல்லை. மஸ்கெலியாவில் கூட்டம். அம்மாவைப் போல ஆயிரம் பேரை ஏற்றி அனுப்புகிற ஒப்பந்தத்தை எதிர்த்துத்தான் கூட்டம். நான் பேச வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினேன். பக்கத்துக் காம்பிராக்காரர்களோடு அம்மா போனாள். ஸ்டேஷனில் எல்லாரும் ஒப்பாரி வைத்தார்களாம், இவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னைத் தேடினாளாம். தேடினாள் என்று சொன்னது மாரியாயி. அவள் எதையும் கூட்டித்தான் சொல்லுவாள்.

ஒரு கடிதம் வந்தது, போனவர்களை முதலில் வைக்கிற மண்டபம் முகாமிலிருந்து, யாரோ எழுதிக் கொடுத்தது. சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கேயும் குளிராம் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் முகாமுக்கு எழுதினேன். கலெக்டருக்கு எழுதினேன். தூதரகத்துக்கு எழுதினேன். பத்தொன்பது கடிதம். பதில் வந்தது இரண்டுக்கு. இரண்டிலும் ஒரே வாசகம், தாங்கள் குறிப்பிடும் பெயருடைய எவரும் எங்கள் பதிவேட்டில் இல்லை. அந்த அம்மாவின் ஃபைலிலும் அதே வாசகம் இருக்கும், இங்கிலீஷில். அவர்களுக்கு ஒரு ஆள் அந்தப் பக்கத்திலிருந்து வந்து இங்கே காணாமல் போனது. எனக்கு ஒரு ஆள் இங்கிருந்து போய்க் காணாமல் போனது. தகப்பனும் மகளும். நடுவில் ஒரு புத்தகம்.

கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றச் சொல்ல முடியுமா அந்த அம்மாவை? வேண்டாம். கேட்காதீர்கள், தப்பாக இருக்கும்.

அதோ, துடைப்பதற்குத் தானே கழற்றுகிறார்.

சரி. கண்ணைப் பார்த்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. எல்லாவற்றையும் சொல்லுங்கள். கோணக்கை, சமையல்காரி, சிட்டம்மா, சிவப்பு மட்டை. நான் எரித்ததையும் சொல்லுங்கள். ஏகாதிபத்தியத்தை மட்டும் விட்டுவிடலாம், வயதானவர்.

சொல்லிவிட்டீர்களா? அவ்வளவு சின்னதாகவா முடிந்துவிட்டது இங்கிலீஷில்?

எதை எடுத்து விரிக்கிறார்? வம்சப் படமா. கட்டம் கட்டமாக. ஹியூ எங்கே, இதுவா? அவருக்குக் கீழே கோடும் இல்லை, கட்டமும் இல்லை. ஒரு கட்டம் போடலாம். இடம் இருக்கிறது. சிட்டம்மா என்று நான் தமிழில் எழுதித் தருகிறேன், கீழே நீங்கள் இங்கிலீஷில் எழுதுங்கள். பிறந்தது தொள்ளாயிரத்து எட்டு. எனக்குக் கட்டம் வேண்டாம். எனக்கு அந்த வம்சத்தில் எதுவும் வேண்டாம், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவள் பெயர் மட்டும்.

என்ன சொல்கிறார்?

வருத்தப்படுகிறாரா. எதற்கு வருத்தம்?

எழுத்து இருக்கிறதா என்று கேட்கிறாரா.

காகிதம் இல்லாமல் எதையும் எழுதுவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கிற விதி. புரிகிறது. பென்சிலில் கூடவா? சரி. சரி தம்பி, நீங்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போடுகிறீர்கள், நீங்களா கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஐம்பது வருஷமாக ஒரே கேள்வி, ஆள்தான் மாறுகிறது.

அந்த மூலையில் தொங்குகிற பையை எடுங்கள். உள்ளே பொலித்தீனில் சுற்றியிருக்கும். மெதுவாக, மடிப்பில் கிழியும்.

இது எழுத்து. என் குற்றப்பத்திரிகை, அரசாங்கத்து முத்திரை இருக்கிறது. அழிக்கப்பட்ட பொருட்கள் என்று ஒரு பட்டியல். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் செக்ரோல். நாலாவது வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறப்பு இறப்புப் புத்தகம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது முதல் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று வரை, சிவப்பு மட்டை, ஒன்று. அவள் பிறந்தது அதற்குள்தான் வருகிறது. புத்தகம் இருந்தது என்பதற்கு உலகத்தில் இது ஒன்றுதான் சாட்சி. கீழே என் பெயர், வேலு மகன் சங்கிலி. தகப்பன் பெயர் மட்டும்தான் கேட்பார்கள். தாயின் பெயர் எழுத அதில் இடம் இல்லை.

இது போதுமா என்று கேளுங்கள்.

போதாது. எனக்கே தெரியும், சும்மா கேட்டேன்.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்கிறாரா? எடுக்கட்டும். வெளிச்சத்துக்குக் கொண்டு போங்கள், மை மங்கிவிட்டது. நாலாவது வரியும் என் பெயரும் சேர்ந்து விழுகிறமாதிரி எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அவளும் நானும் ஒரே காகிதத்தில் இருப்பது இது ஒன்றில்தான்.